‘அவுங்ககிட்ட சொல்லுங்க டீச்சர்’

“அவுங்களுக்கு இன்னொரு இடியாப்பம் வைக்கவான்னு கேளுங்க டீச்சர்.”

நான் கடலூர் ஓல்ட் டவுனில் அந்த வீட்டுக்குக் குடிபோன மறுநாள் காலை அது. சொன்னவர் கதீஜாம்மா. இடியாப்பத் தட்டோடு அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தார். ‘அவுங்க’ என்றது அவருடைய கணவர் ரஹீம் சாரை. அவர் வேறெங்கும் இல்லை, எங்கள் இருவருக்கும் நடுவில் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஏதோ வேடிக்கை பண்ணுகிறார்கள் என்று நினைத்துச் சிரித்தேன். அவர்கள் சிரிக்கவில்லை. கதீஜாம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தட்டிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

“சார், இன்னொரு இடியாப்பம் வைக்கவான்னு கேக்கறாங்க.”

“போதும்னு சொல்லுங்க.”

போதுமாம் என்றேன். கதீஜாம்மா தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

அண்ணாமலை நகரில் பி.ஏ. முடித்துவிட்டு வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்ததைப் போன இதழில் சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த முதல் வேலை, கடலூரில் ஒரு டுடோரியலில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பது. அந்த வீட்டில் நான் பார்த்த இன்னொரு வேலைக்குப் பெயர் கிடையாது.

தட்டிக்கு அந்தப் பக்கம்

டுடோரியல் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். துறைமுகத்துக்குப் போகிற சாலையில், ஒரு நிலக்கடலை மண்டிக்கு மேலே, நீளமாக ஒரு கூடம். நடுவில் மூங்கில் தட்டி. ஒரு பக்கம் ஆண்கள். ரஹீம் சார் நடத்துவார். மறுபக்கம் பெண்கள், அது என் பாடு. கீழே மல்லாக்கொட்டை மூட்டை இறக்கினால் எங்கள் பெஞ்சுகளில் தூசி வந்து படியும். கடல்காற்றுக்குச் சாக்பீஸ் நமுத்துப்போய் எழுதவே எழுதாது.

எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் கோட்டைவிட்டவர்கள், கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டே பரீட்சை எழுதுகிறவர்கள், பினாங்குக்குப் போகக் காத்திருக்கிறவர்கள் என்று எல்லாரும் வருவார்கள். ரஹீம் சாரே பினாங்கில் வாத்தியாராக இருந்து திரும்பியவர்தான். சாயங்கால வகுப்பு முடிவதற்குள் சிதம்பரம் பாசஞ்சர் போய்விடும் என்பதால் நான் கடலூரிலேயே தங்கியாக வேண்டும். அவரே எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பேசினார். தானும் மனைவியும்தான் இருக்கிறோம், மாடி அறை சும்மா கிடக்கிறது, எங்கள் பெண் மாதிரிப் பார்த்துக்கொள்கிறோம் என்றார். மனைவியோடு பேச்சு கிடையாது என்பதை மட்டும் சொல்லவில்லை.

டுடோரியலில் எல்லாரையும் பயமுறுத்திய பாடம் இன்டைரக்ட் ஸ்பீச். தமிழில் அயற்கூற்று என்பார்கள். நமக்கு ‘என்று’ என்ற ஒரு சொல் போதும். ஒருத்தன் சொன்னதை அப்படியே தூக்கி வைத்து, பின்னால் ‘என்று சொன்னான்’ போட்டால் முடிந்தது. இங்கிலீஷில் அது நடக்காது. ‘நான்’ ‘அவன்’ ஆக வேண்டும். ‘நாளைக்கு’ ‘மறுநாள்’ ஆக வேண்டும். ‘இங்கே’ ‘அங்கே’ ஆக வேண்டும். வினைச்சொல் ஒரு காலம் பின்னால் போக வேண்டும்.

என் வகுப்பில் செல்வி என்று ஒரு பெண். தேவனாம்பட்டினத்தில் மீன்பிடிக்கிறவர்கள் வீட்டுப் பெண். ‘ராமன் செட் தட் ஐ வில் கம் டுமாரோ’ என்று எழுதிக்கொண்டு வந்தாள். அப்படியானால் வரப்போவது நீயா, ராமனா என்று கேட்டேன்.

“ராமன்தான் டீச்சர். அவருதானே சொன்னாரு? நான் எதுக்குப் போறேன்?”

வகுப்பே சிரித்தது. தட்டிக்கு அந்தப் பக்கமும் யாரோ சிரித்தார்கள்.

அவளிடமிருந்து எனக்கு இன்னொரு கேள்வியும் வந்தது. பூமி உருண்டை என்பது போன்ற மாறாத உண்மைகளைச் சொல்லும்போது மட்டும் வினைச்சொல்லின் காலம் மாறாது என்று ஒரு விதி உண்டு. செத்துப்போனதும் மாறாத உண்மைதானே, அதற்கு மட்டும் ஏன் ‘ஹேட் டைடு’ என்று பின்னால் தள்ளுகிறோம் என்று கேட்டாள். அன்று சாப்பிடும்போது ரஹீம் சாரிடம் கேட்டேன். அவர் வெகுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். நல்ல கேள்வி என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

அவர்களுக்கு ஒரு மகள் இருந்தாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

சேர்த்துச் சொல்லக் கூடாது

எங்கள் அம்மாவும் அப்பாவிடம் நேராக எதையும் சொன்னதில்லை. ‘அப்பாவைக் குளிக்கச் சொல்லு, தண்ணி ஆறுது’ என்று என்னிடம்தான் சொல்வாள். அப்பாவும் பேப்பரிலிருந்து தலையெடுக்காமல், ‘வர்றேன்னு சொல்லு’ என்பார். அதில் ஒரு செல்லம் இருந்தது. ரஹீம் சார் வீட்டிலும் அப்படித்தான் போலிருக்கிறது என்று முதல் வாரம் நினைத்தேன். அம்மாவும் அப்பாவும் நான் தூங்கிவிட்டதாக நினைத்துக் குசுகுசுவென்று பேசுவார்களே, அந்தச் சத்தம் இந்த வீட்டில் ஒரு நாளும் கேட்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

எனக்கு முன்னால் வேலைக்கு ஒரு பெண் இருந்தாளாம். அவள் கல்யாணமாகிப் போன பிறகு, நான் வரும்வரை, இருவரும் சுவரைப் பார்த்துத்தான் சொல்லிக்கொள்வார்களாம். டீத்தண்ணி ஆறுது என்று கதீஜாம்மா சுவரிடம் சொல்வார். இன்றைக்கு வர நேரமாகும் என்று ரஹீம் சார் கதவிடம் சொல்லிவிட்டுப் போவார்.

இந்தச் சொல் போக்குவரத்துக்கு நான் பழகிப்போனேன். பழகியதும் கொஞ்சம் கைவரிசையும் காட்ட ஆரம்பித்தேன். ஆணத்தில், அதாவது குழம்பில், உப்பு ஜாஸ்தி என்று சொல்லுங்கள் என்று அவர் சொன்னால், ‘உப்பு ஒரு கல்லு தூக்கலா இருக்குதாம், ஆனா மீனு ரொம்ப நல்லா இருக்குதாம்’ என்பேன். கதீஜாம்மாவின் முகத்தில் லேசாக ஒரு வெளிச்சம் வந்து போகும்.

ஒருநாள் ரஹீம் சார் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“மீன் நல்லா இருக்குன்னு நான் சொல்லலியே.”

“இல்ல சார், நான் சும்மா...”

“சொன்னதைத்தான் சொல்லணும். சேத்துச் சொல்லக் கூடாது. அது ரிப்போர்ட்டிங் இல்லை.”

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. எல்லாம் கேட்கிற தூரம்தானே. அவர் சொல்கிற ஒவ்வொரு வார்த்தையும் நான் வாய் திறக்கும் முன்பே அந்த அம்மாளின் காதில் விழுந்துவிடும். அப்படியும் நான் போய்ச் சொல்லும்வரை விழாத மாதிரி இருப்பார்.

யூசுஃப் கொண்டுவந்த வாக்கியம்

காரணத்தைக் கதீஜாம்மாவே சொன்னார். அன்று வெள்ளிக்கிழமை. ரஹீம் சார் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். கொல்லையில் அரிவாள்மணையைப் போட்டு மீன் அரிந்துகொண்டிருந்தார் கதீஜாம்மா. நான் கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்திருந்தேன்.

மகள் பெயர் சபியா. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். அத்தா, அதாவது ரஹீம் சார், பினாங்கில் இருந்தபோது முறைக்காய்ச்சல் வந்து மௌத்தாகிப்போனாள். தகவல் கடல் தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அத்தா வரவில்லை. சில மாதம் கழித்து ரஹீம் சாரின் சிறிய தகப்பனார் மகன் யூசுஃப், பினாங்கில் துணிக்கடை வைத்திருந்தவர், ஊருக்கு வந்தார். துக்கம் விசாரிக்க வந்து கூடத்தில் உட்கார்ந்தார். திரைக்குப் பின்னால் கதீஜாம்மா. அவன் எப்போது வருவான் என்று பெரியவர்கள் கேட்டார்கள்.

“ஊர்ல எனக்கு என்ன இருக்குன்னு சொல்லிட்டான்னாரு டீச்சர்” என்றார் கதீஜாம்மா. “அப்ப நான் யாரு? புள்ளதான் போச்சு. நான் இருந்தேனே.”

அதற்கு மேலும் இரண்டு வருஷம் போல ரஹீம் சார் வரவில்லையாம். வந்து இறங்கிய அன்றைக்கு, ஊரில் என்ன இருக்கிறது என்று வந்தீர்கள் என்று இவர் கேட்டிருக்கிறார். யார் சொன்னது என்று அவர் கேட்டிருக்கிறார். யூசுஃப் என்றதும், ‘நீ அதை நம்பிட்டே’ என்றாராம். அவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு அதுதான். நான் போய்ச் சேர்ந்தபோது அதற்கு ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது.

சொல்லி முடித்துவிட்டு மீன் துண்டுகளை மஞ்சள்தூள் போட்டுக் கழுவினார். “சார் வர்ற நேரமாச்சு. உங்களுக்கும் பசிக்குமே டீச்சர்” என்றார்.

கேள்விக்குறி இருந்தால் கேள்வியா

அந்த மழைக்காலத்தில் ஒரு நாள் என் பக்கத்தில் இரண்டு மூன்று பெண்கள்தான் வந்திருந்தார்கள். எழுதக் கொடுத்துவிட்டுச் சும்மா நின்றேன். தட்டிக்கு அந்தப் பக்கம் ரஹீம் சார் பாடம் நடத்துவது கேட்டது.

‘வாட் இஸ் தி யூஸ் ஆஃப் வீப்பிங்?’ என்ற வாக்கியத்தை மாற்றச் சொல்லியிருந்தார். அழுது என்ன பிரயோஜனம். ஒரு பையன் அதற்கு ‘ஹி ஆஸ்க்டு’ என்று போட்டிருக்கிறான். கேட்டான் என்று.

அவன் கேட்கவில்லை என்றார் சார். அவனுக்கு யாருடைய பதிலும் வேண்டியதில்லை. கேள்விக்குறி போட்டிருப்பதால் அது கேள்வி ஆகிவிடாது. அது புலம்பல். குரலில் இருந்த அழுகை காகிதத்தில் வராது. அதனால் அதைச் சொல்கிறவன் வினைச்சொல்லில் கொண்டுவர வேண்டும். ‘லமென்டட்’ என்று போடு, ‘எக்ஸ்க்ளெய்ம்டு வித் சாரோ’ என்று போடு.

சும்மா ‘செட்’ என்று போட்டால் மார்க் குறைத்துவிடுவார்களா என்று இன்னொருவன் கேட்டான்.

சாக்பீசை மேஜைமேல் வைக்கிற சத்தம் கேட்டது.

“மார்க் கொறைக்க மாட்டான். அரை மார்க் போனா போவும்” என்றார். அப்புறம் மெதுவாக, “கேக்கறவங்களுக்குத்தான் விளங்காம போயிடும்” என்றார்.

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது அவராகவே ஆரம்பித்தார். வழிநெடுக இங்கிலீஷிலேயே பேசினார். அதைத் தமிழில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை என்று இப்போது நினைக்கிறேன். யூசுஃப் பொய் சொல்லவில்லை என்றார். ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை. தகவல் வந்தபோது தான் யூசுஃபின் கடையில் இருந்ததாகவும், தரையில் விழுந்து தலையில் அடித்துக்கொண்டதாகவும், யூசுஃபும் கடைப் பையன்களும் சேர்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள் என்றும் சொன்னார். ஊரில் எனக்கு என்ன இருக்கிறது என்றது அப்போதுதான். சொன்ன வார்த்தையைக் கொண்டுவந்த யூசுஃப், தரையில் கிடந்த ஆளை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டான் என்றார்.

மகள் இல்லாத வீட்டு வாசல்படியை மிதிக்கப் பயந்துதான் இரண்டு வருஷம் வராமல் இருந்தாராம். வந்த பிறகாவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

“ஷி பிலீவ்டு இட்” என்றார். அவள் நம்பிவிட்டாள்.

குடை

அதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. கதீஜாம்மாவிடம் சொல்லுங்கள் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நாள் முழுக்க அற்ப விஷயங்களையெல்லாம் சுமந்துகொண்டு போகிறவள் இதை மட்டும் எப்படி வைத்துக்கொண்டிருப்பது? மறுநாள் காலை அடுப்படிக்குப் போய், அவர் இங்கிலீஷில் சொன்னதையெல்லாம் தமிழாக்கிச் சொன்னேன். எதையும் சேர்க்கவில்லை. கடைத் தரையை விடவில்லை, தலையில் அடித்துக்கொண்டதை விடவில்லை.

கதீஜாம்மா அடுப்பில் பால் வைத்திருந்தார். அது பொங்கி வழிந்தது. இறக்கி வைக்கவில்லை.

“அழுதுகிட்டா சொன்னாங்க?”

“ஆமாம்.”

முந்தானையால் பால்சட்டியைப் பிடித்து இறக்கினார். அடுப்படி முழுக்கத் தீய்ந்த பால் வாசனை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பிறகு திரும்பினார்.

“நீங்க நல்லவங்க டீச்சர். ஆனா அன்னிக்கு யூசுஃப் வந்து சொன்னாரு. இன்னிக்கு நீங்க வந்து சொல்றீங்க. அவுங்க சொல்லலியே.”

வழிந்த பாலைத் துடைக்கத் துணி எடுத்தேன்.

“அவுங்க வாயால சொல்லட்டும். ஒரு தடவ சொன்னா போதும். அவுங்ககிட்ட சொல்லுங்க டீச்சர்.”

போய்ச் சொன்னேன். ரஹீம் சார் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்காமல் நான் சொல்லிவிட்டதற்குக் கோபிப்பார் என்று பயந்தேன். கோபிக்கவில்லை. மேல் பொத்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். பிறகு நடந்து அடுப்படி வாசலுக்குப் போனார். அந்த வாசலில் அவர் நின்று நான் பார்த்ததே இல்லை. உள்ளே கதீஜாம்மா அகப்பையைப் பிடித்தபடி, தலைமுக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, தரையைப் பார்த்து நின்றார். காத்துக்கொண்டு நிற்கிறார் என்று பார்த்தாலே தெரிந்தது.

நான் கூடத்தின் மறுகோடிக்குப் போய்விட்டேன். மாடிக்கே போயிருக்க வேண்டும், போகவில்லை.

அவர் தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்தார். நிலைப்படியை விரலால் தேய்த்தார். எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று சொல்லத் தெரியவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

“டீச்சர், மழை வர்ற மாதிரி இருக்குது. குடையை எடுத்து வைக்கச் சொல்லுங்க.”

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கதீஜாம்மா அகப்பையை வைத்துவிட்டு வந்து, ஆணியில் தொங்கிய குடையை எடுத்து வாசல் கதவோரம் சாய்த்துவிட்டு, உள்ளே போய்விட்டார். அன்று மழை வரவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. இடியாப்பமும் உப்பும் குடையுமாக நான் என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிதம்பரத்துக்கு வந்த தகவல்

மறு வருஷம் எனக்குச் சிதம்பரத்தில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை கிடைத்தது. கிளம்பும்போது கதீஜாம்மா ஒரு தூக்கு நிறையத் தேங்காய்ப்பால் கஞ்சி கொடுத்தார். ரஹீம் சார் ஸ்டேஷன் வரை வந்தார். இனிமேல் வீட்டில் எப்படி என்று கேட்க வந்தேன். அவரே புரிந்துகொண்டு, ‘வி ஷல் மேனேஜ்’ என்றார். வண்டி நகர்ந்தபோது பிளாட்பாரத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

ஒரு வருஷம் நான் போகவே இல்லை. வேலை, அப்பாவுக்கு ஆஸ்துமா, எனக்கு வரன் பார்க்கிறார்கள் என்று ஏதாவது ஒன்று. போகாதது இன்றும் மனசில் உறுத்துகிறது. போயிருந்தாலும் என்ன செய்திருப்பேன் என்பதும் தெரியவில்லை.

தகவல் கொண்டுவந்தவள் செல்வி. பரீட்சையில் தேறி, கடலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் டிரெய்னிங்கில் சேர்ந்திருந்தாள். கீழ வீதியில் என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். ரஹீம் சாருக்குப் பக்கவாதம் என்றாள். வலது பக்கம் விழுந்துவிட்டது, உயிருக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வாய்தான் போய்விட்டது என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பாசஞ்சரில் போனேன்.

கூடத்தில் கட்டில் போட்டிருந்தது. திரையைக் கழற்றியிருந்தார்கள். ரஹீம் சார் தலையணைமேல் சாய்ந்திருந்தார். முகம் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. கட்டிலை ஒட்டி ஸ்டூலில் உட்கார்ந்து கதீஜாம்மா அவருக்குக் கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

“மச்சான், யாரு வந்திருக்கா பாருங்க. நம்ம டீச்சர்.”

அந்தத் தெரு வீடுகளில் பெண்கள் புருஷனை மச்சான் என்று கூப்பிடுவது வழக்கம். கதீஜாம்மா வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

ரஹீம் சாரின் கண் என்மேல் வந்து நின்றது. வாய் கோணி, கனத்த சத்தம் ஒன்று வந்தது. வார்த்தைகள்தான், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு எதுவும் பிடிபடவில்லை. நான் கதீஜாம்மாவைப் பார்த்தேன்.

“உங்கள உக்காரச் சொல்றாங்க” என்றார்.

உட்கார்ந்தேன். மறுபடி சத்தம். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்கிறார் என்றார் கதீஜாம்மா. நன்றாக இருக்கிறார் என்று நான் அவரிடம் சொன்னேன். இன்னொரு சத்தம். சிதம்பரத்தில் பிள்ளைகள் படிக்கிறார்களா என்று கேட்கிறாராம். இப்படியே கொஞ்ச நேரம் போயிற்று. கதீஜாம்மா தயங்காமல் ஒவ்வொன்றையும் எடுத்துச் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குக் கண் கலங்கியது. இவ்வளவு நாள் பேசாமல் இருந்தவர்களுக்கு இப்படி ஒரு பேச்சு பிறந்துவிட்டதே என்று வருத்தத்துக்கு நடுவில் ஒரு நிம்மதி.

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று சார் சொல்வதாகச் சொல்லிவிட்டு என்னை அடுப்படிக்கு அழைத்துப் போனார். அவர் கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவும்போது நான் பக்கத்தில் நின்றேன். கேட்கலாமா என்று இருந்தது. கேட்டுவிட்டேன்.

“அதைச் சார் வாயால சொன்னாரா?”

எதை என்று அவர் கேட்கவில்லை. கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தார்.

“தெனமும் சாயங்காலம் என் கையப் புடிச்சுக்கிட்டு ஏதோ சொல்றாங்க டீச்சர். ரொம்ப நேரம் சொல்றாங்க. தண்ணியா கண்ணுல ஊத்துது. ஒரு வார்த்தை விளங்கல.”

“அப்ப இப்ப எங்கிட்ட எடுத்துச் சொன்னதெல்லாம்?”

“வூட்டுக்கு வந்தவங்கள உக்காரச் சொல்லுவாங்க, சாப்பிடச் சொல்லுவாங்க. வேற என்ன சொல்லப்போறாங்க?” முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். “சாயங்காலம் சொல்றது, அன்னிக்கு அடுப்படி வாசல்ல சொல்ல வந்ததாத்தான் இருக்கும்னு நானா வச்சுக்கிட்டேன். ஆமா மச்சான், எனக்குத் தெரியும் மச்சான்னு சொல்லிக்கிட்டு இருக்கேன்.”